ஒரு கிராமுக்கு மூன்று மில்லிகிராம்: அமெரிக்க ஹெம்ப் மிட்டாய்களின் சட்டமும் வேதியியலும்

டெக்சாஸில் கேளிக்கைக்காகக் கஞ்சா வைத்திருப்பது இன்றும் குற்றம். அதே டெக்சாஸில், பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில், ஒரு மிட்டாய்க்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் மூலக்கூறு) கொண்ட ஜெல்லி மிட்டாய்கள் சில ஆண்டுகளாகப் பகிரங்கமாக விற்பனையாகி வருகின்றன. கொலராடோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் கிடைக்கும் 10 மில்லிகிராம் மிட்டாய்க்கும் இதற்கும் போதையில் வேறுபாடில்லை. உள்ளே இருக்கும் மூலக்கூறும் ஒன்றே. ஒன்றைச் சட்டம் கஞ்சா என்கிறது, மற்றதை ஹெம்ப் என்கிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே.

2018 டிசம்பர் 20-ல் கையெழுத்தான அமெரிக்க வேளாண் சட்டம், டெல்டா-9 டி.எச்.சி. (டி.எச்.சி.யின் முக்கிய வடிவம்) உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மிகாத கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' என்று வரையறுத்தது. செடியோடு நிற்கவில்லை. அதன் விதை, சாறு, வழிப்பொருள்கள், கன்னாபினாய்டுகள் (டி.எச்.சி. போல இந்தச் செடிக்கே உரிய வேதிப்பொருள்கள்), ஐசோமர்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு), அமிலங்கள், உப்புகள் அனைத்தும் அதே வரையறைக்குள் வந்தன. அவையெல்லாம் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலிலிருந்து வெளியேறின. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் என்பது 1000 மி.கி. அதில் 0.3 சதவீதம் 3 மி.கி. நான்கு கிராம் எடையுள்ள மிட்டாயில் 12 மி.கி. வரை டி.எச்.சி. இருக்கலாம், அப்போதும் அது ஹெம்ப்தான். 50 கிராம் சாக்லேட் கட்டியில் 150 மி.கி. வரை போகலாம். டி.எச்.சி.யை மருந்தாக விற்கும் மரினால் மாத்திரையின் அளவுகள் 2.5, 5, 10 மி.கி. மட்டுமே. பசியைத் தூண்டுவதற்காக மருத்துவர் பொதுவாக எழுதும் தொடக்க அளவு 2.5 மி.கி.; நாளுக்கு இரண்டு வேளை.

இலைக்கு வைத்த எல்லைக்கோட்டை மிட்டாய்க்கும் அப்படியே வைத்ததுதான் இத்தனைக்கும் காரணம். எடையில் இத்தனை சதவீதம் என்பது செடியைத் தரம் பிரிக்கும் அளவுகோல். உடம்புக்குச் சதவீதம் தெரியாது, மில்லிகிராம்தான் தெரியும்.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது?

கனடாவைச் சேர்ந்த தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கரான ஆர்தர் கிரான்குவிஸ்டுடன் சேர்ந்து 1976-ல் கஞ்சாச் செடியின் வகைப்பாடு பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் செடிகளையும் போதைக்கு வளர்க்கும் செடிகளையும் பிரிக்க எங்கோ ஒரு கோடு போட வேண்டியிருந்தது. இளம் இலைகளின் உலர் எடையில் 0.3 சதவீதம் என்று போட்டார்கள். இது நாங்களாக வசதிக்கு வைத்துக்கொண்ட எல்லை என்று அதே கட்டுரையில் எழுதியும் வைத்தார்கள். தாவரவியல் வகைப்பாட்டுக்கு அது போதுமானது. இலையை யாரும் 60 கிராம் பிரௌனியாகச் சாப்பிடப் போவதில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த எண் சட்டப் புத்தகத்தில் அப்படியே ஏறியது. உண்ணும் பொருளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி 2018-ல் பெரிதாக எழவில்லை. கென்டக்கியின் செனட்டர் மிட்ச் மெக்கானல் முன்னின்று கொண்டுவந்த அந்த ஏற்பாட்டின் குறி, புகையிலையை விட்டு விலகும் விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர்.

உலர் எடை என்ற சொல்லுக்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. செடியை உலர்த்தி எடை பார்ப்பது எளிது. மிட்டாய்க்கு எப்படிப் பார்ப்பது? ஜெல்லி மிட்டாயில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் வரை நீர் இருக்கும். 18 சதவீதம் என்று வைத்தால், 4 கிராம் மிட்டாயின் உலர் எடை 3.28 கிராம்தான். அதில் 0.3 சதவீதம் 9.84 மி.கி. அதாவது 10 மி.கி. என்று அச்சிட்ட அந்த மிட்டாய், கறாராக அளந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது. கவனமுள்ள தயாரிப்பாளர்கள் மிட்டாயை 5 கிராமுக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான். சர்க்கரை கூடினால் சட்டப் பாதுகாப்பும் கூடுகிறது.

பானங்களில் இது இன்னும் விசித்திரம். 355 மி.லி. கேனில் உள்ள திரவத்தின் முழு எடையை எடுத்தால், 0.3 சதவீதம் என்பது ஆயிரம் மி.கி.க்கு மேல், ஒருவர் ஒரே மூச்சில் குடிக்கக்கூடாத அளவு. நீரை ஆவியாக்கிவிட்டு மிஞ்சுவதை எடுத்தால், 39 கிராம் சர்க்கரை உள்ள சோடாவுக்கு 117 மி.கி. வரும். சர்க்கரையே இல்லாத நறுமண சோடாவில் திடப்பொருள் ஒரு கிராம்தான் என்றால், எல்லை 3 மி.கி.யாகச் சுருங்கிவிடும், 5 மி.கி. என்று விற்கும் கேன் அப்போது கஞ்சாவாகிவிடும். ஒரே அளவு கேனுக்கு மூன்று விடைகள். எதை எடுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. சந்தை தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டது.

செடியில் இருப்பது டி.எச்.சி. அல்ல

பச்சைச் செடியில் போதைப்பொருள் மிகக் குறைவு. செடி உண்டாக்குவது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். சூடு பட்டால் அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கழன்று, மிஞ்சுவது டி.எச்.சி. அமிலத்தின் மூலக்கூறு எடை 358.5, சூடேறிய பின் 314.5. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.877. ஆய்வக அறிக்கைகளில் 'மொத்த டி.எச்.சி.' என்ற வரியில் இந்த எண் வந்துகொண்டே இருக்கும்: டி.எச்.சி.யோடு, டி.எச்.சி.ஏ. அளவை 0.877-ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்தம்.

வயலில் இந்த மொத்தம்தான் கணக்கு. அமெரிக்க வேளாண் துறை 2021-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, அறுவடைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் பூத்த நுனிப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து, மொத்த டி.எச்.சி.யைப் பார்க்க வேண்டும். 0.3-ஐ (அளவீட்டுப் பிழை வரம்புக்கும் சேர்த்து) தாண்டினால் பயிரை அழிக்கவோ, கலந்து நீர்க்கச் செய்யவோ வேண்டும். ஒரு சதவீதத்தையும் தாண்டினால் அலட்சிய விதிமீறல். விவசாயிகள் இப்படித் தாண்டும் பயிரைச் 'சூடான பயிர்' என்கிறார்கள். ஏன் இது அடிக்கடி நேர்கிறது என்றால், ஹெம்ப் வகைகளில் போதை தராத கன்னாபினாய்டான சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஏறக்குறைய 25-க்கு 1 என்ற விகிதத்தில் ஒன்றாகவே ஏறுகின்றன. சி.பி.டி. 8 சதவீதத்தைத் தொடும்போது டி.எச்.சி. 0.32-ல் நிற்கும். சி.பி.டி. வேண்டுமென்று பயிரைக் கூடுதலாக ஒரு வாரம் நிறுத்தினால் கை சுடும்.

ஆனால் சட்டத்தின் வரையறையில் எழுதியிருப்பது 'டெல்டா-9 டி.எச்.சி.' மட்டும், 'மொத்தம்' என்ற சொல் அங்கே இல்லை. அறுவடைக்குப் பிறகு பொட்டலம் கட்டிய பூவில் டி.எச்.சி.ஏ. 20 சதவீதம் இருந்தாலும், டெல்டா-9 மட்டும் 0.3-க்குக் கீழே இருந்தால் அது ஹெம்ப் என்று வாதிட்டுப் பூவையே விற்றார்கள். பற்றவைத்த நொடியில் அது கஞ்சா. மிட்டாய்க்கு இந்த வழி உதவாது. மிட்டாயை யாரும் கொளுத்துவதில்லை. ஆகவே உண்ணும் பொருள்காரர்கள் எடை வழியையும், அதைவிட வேதியியல் வழியையும் நம்பினார்கள்.

சாறு எடுக்கும்போது இன்னொரு முடிச்சு. 0.2 சதவீதமுள்ள ஒரு கிலோ உலர்ந்த ஹெம்பில் இரண்டு கிராம் டி.எச்.சி. இருக்கிறது, காகிதத்தில் அது 200 மிட்டாய்களுக்குப் போதும். ஆனால் இலையின் நார், பச்சையம் எல்லாம் போய்ச் சாறு சுண்டும்போது டி.எச்.சி.யின் சதவீதம் பல மடங்கு ஏறிவிடுகிறது. தொடங்கியது ஹெம்ப், முடிவது ஹெம்ப், நடுவில் பாத்திரத்தில் இருப்பது சட்டப்படி கஞ்சா. 2020 ஆகஸ்டில் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.ஈ.ஏ. வெளியிட்ட இடைக்கால விதி இதை வெளிப்படையாகவே சொன்னது. தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெரிந்தேதான் ஓட்டிவந்தார்கள்.

சி.பி.டி.யைத் திருப்பிப் போடுவது

2019-ல் ஹெம்ப் சாகுபடி பெருகி, சி.பி.டி. தேவைக்கு மேல் குவிந்து, விலை சரிந்தது. கிடங்குகளில் வெள்ளைத் தூளாகச் சி.பி.டி. தேங்கிக் கிடந்தது. சி.பி.டி.க்கும் டி.எச்.சி.க்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். சி.பி.டி.யில் ஒரு வளையம் திறந்து கிடக்கிறது, டி.எச்.சி.யில் அது மூடியிருக்கிறது. அமிலம் பட்டால் அந்த வளையம் மூடிக்கொள்ளும் என்பது பல பத்தாண்டுகளாக வேதியியலாளர்களுக்குத் தெரிந்த விஷயம். இஸ்ரேலில் 1964-ல் டி.எச்.சி.யின் அமைப்பைக் கண்டறிந்த காவோனியும் மெக்கூலமும் இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வளையம் மூடும்போது இரட்டைப் பிணைப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் பெயரில் உள்ள எண். ஒன்பதாவது கார்பனிலிருந்து தொடங்கினால் டெல்டா-9, எட்டாவதிலிருந்து என்றால் டெல்டா-8. முதலில் டெல்டா-9 உண்டாகி, வினை நீளும்போது ஆற்றல் குறைந்த, நிலைத்த அமைப்பான டெல்டா-8-க்குச் சரிகிறது. செடியில் டெல்டா-8 மிகச் சொற்பம். சந்தையில் விற்பது முழுக்க இப்படி ஆய்வகத்தில் மாற்றியதுதான். டெல்டா-9-ஐவிட வீரியம் குறைவு. பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் சட்டம் சொன்ன 0.3 டெல்டா-9-க்கு மட்டும் என்பதால், டெல்டா-8-க்கு வரம்பே இல்லை. ஒரு மிட்டாயில் 25, 50 என்று போட்டார்கள்.

இந்த வினை சுத்தமானதல்ல. இரண்டும் கலந்தே வரும், கூடவே ஐசோ-டி.எச்.சி. வகைகள், உடைந்த துண்டுகள், யாரும் நச்சுத்தன்மை பார்த்திராத துணைப்பொருள்கள். வினையை நிறுத்திய பிறகு அமிலத்தை நடுநிலையாக்கிக் கழுவி, கரைப்பானை முழுமையாக ஓட்டி, வடித்தெடுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் அவசரப்பட்டாலும் எச்சம் தங்கும். நிறத்தைத் தெளியவைக்கப் போடும் வெளுப்பு மண்ணே மீண்டும் அமிலமாக வேலைசெய்து ஐசோமர்களைக் கிளப்பிவிடுவதும் உண்டு. இங்கே ஆய்வகத்தின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் டெல்டா-8-இன் முகடும் டெல்டா-9-இன் முகடும் ஒட்டி ஒட்டி வரும். டெல்டா-8 ஏராளமாக இருக்கும்போது அதன் முகடு பருத்து, பக்கத்திலுள்ள சிறிய டெல்டா-9 முகட்டை மூடிவிடும். அறிக்கையில் 'டெல்டா-9 கண்டறியப்படவில்லை' என்று வரும். டெல்டா-8 80 சதவீதமுள்ள சாற்றுக்கு அப்படி ஓர் அறிக்கை வந்தால், அது சுத்தத்துக்கு அடையாளமல்ல. இரண்டு முகடுகளையும் பிரிக்கத் தெரியாததற்கு அடையாளம்.

டெல்டா-8 ஒரு கதவைத் திறந்ததும் மற்றவை நுழைந்தன. இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனால் நிரப்பிய எச்.எச்.சி., 2019-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் செடியில் கண்டறிந்த, பக்கச் சங்கிலி நீண்ட டி.எச்.சி.பி., அசெட்டேட் ஏற்றிய டி.எச்.சி.-ஓ. கடைசியாகச் சொன்னது இயற்கையில் இல்லை. அது தடைசெய்யப்பட்ட பொருள்தான் என்று 2023 பிப்ரவரியில் டி.ஈ.ஏ. கடிதம் எழுதியது.

டி.ஈ.ஏ. 2020-லேயே, 'செயற்கையாக உருவாக்கிய' டி.எச்.சி. அனைத்தும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கடுமையான முதல் பட்டியலிலேயே தொடரும் என்று சொல்லியிருந்தது. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2022 மே மாதம் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வழிப்பொருள், ஐசோமர் என்று சட்டமே எழுதிவிட்டதே, எப்படித் தயாரித்தார்கள் என்பது வரையறையில் இல்லையே என்று டெல்டா-8 பக்கம் நின்றது. அது ஒரு வர்த்தக முத்திரை வழக்கு என்பது வேடிக்கை: தன் டெல்டா-8 சாதனத்தைப் போலி செய்துவிட்டார்கள் என்று ஒரு நிறுவனம் வழக்குப் போட, பொருளே சட்டவிரோதம், அதற்கு ஏது முத்திரை உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2024 செப்டம்பரில் நான்காம் வட்டார நீதிமன்றமும் ஒத்த முடிவுக்கு வந்தது. நாடாளுமன்றம் ஓட்டை விட்டிருந்தால் அதை அடைக்க வேண்டியது நாடாளுமன்றம்தான் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். சரியான வாதம்தான், விளைவு எப்படியிருந்தாலும்.

வாயில் போட்ட பிறகு

புகைத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளையை எட்டும். விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி சிதைகிறது. ரத்தத்தை எட்டுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் கல்லீரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி.யாக மாற்றுகிறது. அதுவும் போதை தரும், மூளைக்குள் எளிதாகவும் புகும். விழுங்கிய போதை கனமாக, நீண்டு நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம், உச்சம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில், அடங்க ஆறு, எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். தவறு நடக்கும் இடம் முதல் ஒரு மணி நேரம். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவதைப் போடுவார்கள். இரண்டும் சேர்ந்து மூன்றாவது மணி நேரத்தில் அடிக்கும். படபடப்பு, பயம், வாந்தி, நிற்க முடியாத தலைச்சுற்றல். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும், தொடக்கம் தள்ளிப்போகும். அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-ல் ஆராய்ச்சிக்கான நிலையான அலகாக 5 மி.கி.யை வைத்தது. பழக்கமில்லாதவருக்கு அதுவே கூடுதல், பாதி போதும்.

பானங்கள் வேறு மாதிரி. டி.எச்.சி. எண்ணெயோடு உறவு கொண்டது, நீரில் கரையாது. அதை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிடும் நானோ குழம்பாக்கித்தான் கேனில் அடைக்கிறார்கள். துளி சிறிதாக இருப்பதால் 15, 20 நிமிடங்களில் தெரியத் தொடங்கும். இதில் தொழில்காரர்களைப் படுத்தியது கேனின் உள்பூச்சு. அலுமினியம் அரிக்காமலிருக்க உள்ளே பாலிமர் பூசியிருப்பார்கள். குழம்பு நிலையற்றதாக இருந்தால், டி.எச்.சி. நீரை விட்டுவிட்டு அந்தப் பூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆலையில் 5 மி.கி. என்று சோதித்த கேனில் சில வாரங்களில் அதில் ஒரு பகுதிதான் பானத்தில் மிஞ்சும். இதைச் சமாளிக்கக் கூடுதலாக ஊற்றும் தயாரிப்பாளரின் புதிய கேனை வாங்குகிறவருக்கு லேபிளைவிட அதிகம் கிடைக்கும்.

மிட்டாயில் பிரச்சினை சமமாகக் கலப்பது. சர்க்கரைப் பாகும் பெக்டினும் நீர்த்தன்மை கொண்டவை, சாறோ எண்ணெய். குழம்பாக்கி சரியில்லாமலோ, கலக்கும் தொட்டியில் வேகம் போதாமலோ, அச்சில் ஊற்றுவதற்கு முன் பாகு காத்திருந்தாலோ எண்ணெய் மேலே திரளும். ஒரே பொட்டலத்தில் ஒரு மிட்டாயில் 4, இன்னொன்றில் 16 மி.கி. என்று வரும். பொட்டலத்தின் சராசரி 10 என்பதால் அறிக்கையும் 10 என்றே சொல்லும். வெப்பத்தில் உருகி ஒரே கட்டியான பொட்டலத்தைக் கத்தியால் வெட்டிப் பங்கிடுவது இதே காரணத்துக்காக ஆபத்து. பழைய இருப்பு வேறு விதம்: வெளிச்சமும் காற்றும் பட்டால் டி.எச்.சி. மெல்ல சி.பி.என். என்ற வேறொரு கன்னாபினாய்டாக மாறி வீரியம் குறையும்.

பொட்டலத்தின் பின்னால் உள்ள கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் ஆய்வக அறிக்கை வரும். பார்க்க வேண்டியவை சில. அறிக்கையின் தொகுதி எண்ணும் பொட்டலத்தின் தொகுதி எண்ணும் ஒன்றா. சோதித்தது மிட்டாயையா, அதற்குள் போன சாற்றையா (பல அறிக்கைகள் சாற்றுக்கானவை, மிட்டாய்க்கு அவை எதையும் சொல்லாது). கரைப்பான் எச்சம், கன உலோகம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றுக்கான பக்கங்கள் இருக்கின்றனவா, அல்லது வீரியம் மட்டுமா. கன்னாபினாய்டுகளின் கூட்டுத்தொகை 95 சதவீதத்தைத் தாண்டாத, ஆய்வகத்தில் மாற்றிய சாறென்றால் மீதி என்ன என்று எங்காவது சொல்லியிருக்கிறதா. பெரும்பாலும் சொல்லியிருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக 2,362 அழைப்புகள் வந்ததாகவும், அதில் 41 சதவீதம் 18 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொன்னது. மிட்டாய் மிட்டாயாகவே தெரிகிறது; குழந்தை ஒன்றோடு நிறுத்தாது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 மி.கி. போனால் ஆழ்ந்த மயக்கம், உடல் துவண்டுபோதல், மூச்சு மந்தமாதல் வரை போகும். சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கக்கூடாது. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எத்தனை மி.கி. என்று மருத்துவர் முதலில் கேட்பார்.

வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது டி.எச்.சி.யை அல்ல, அது உடைந்து உண்டாகும் கார்பாக்சி வடிவத்தை. முதல்கட்ட வரம்பு வழக்கமாக மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிசெய்யும் கட்டத்தில் 15. மிட்டாய் ஹெம்பிலிருந்து வந்ததா, கஞ்சாவிலிருந்து வந்ததா என்று அது கேட்காது. முதல்கட்டச் சோதனையில் டெல்டா-8-இன் சிதைபொருளும் மாட்டும். 'சட்டப்படி வாங்கினேன்' என்பது லாரி ஓட்டுநரைக் காப்பாற்றாது.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

ஒன்றிய அரசு எட்டிப்பார்க்காத இடத்தில் மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் எழுதின. மினசோட்டா 2022 ஜூலையில் ஒரு பரிமாறலுக்கு 5 மி.கி., பொட்டலத்துக்கு 50 மி.கி., 21 வயது என்று வரம்பு கட்டியது. சதவீதத்தை விட்டு மில்லிகிராமுக்கு மாறிய அறிவார்ந்த சட்டம் அது. கலிபோர்னியா 2024 செப்டம்பரில் அவசர விதி போட்டு, கண்டறியக்கூடிய அளவு டி.எச்.சி. உள்ள எந்த ஹெம்ப் உணவையும் தடுத்தது. கஞ்சா சட்டபூர்வமான மாநிலத்தில் ஹெம்ப் மிட்டாய்க்குத் தடை. அங்கே உரிமம் வாங்கி, வரி கட்டி, சோதனைக்குச் செலவழித்துக் கஞ்சா விற்கிறவர்களின் கோபம் நியாயமானது. அவர்கள் மாநில எல்லையைத் தாண்டி ஒரு கிராம்கூட அனுப்ப முடியாது, வருமான வரியில் வழக்கமான வணிகச் செலவுகளைக் கழிக்கவும் முடியாது. ஹெம்ப்காரர் அதே பொருளை அஞ்சலில் அனுப்பினார். டெக்சாஸ் சட்டமன்றம் 2025-ல் முழுத் தடை மசோதாவை நிறைவேற்ற, ஆளுநர் கிரெக் அபட் ஜூன் 22 அன்று அதை ரத்துசெய்தார்.

எஃப்.டி.ஏ.யின் நிலை ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான்: டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் மருந்தாக அனுமதி பெற்றவை, அவற்றை உணவில் சேர்த்து மாநிலங்களுக்கிடையே விற்க முடியாது. கடிதங்கள் அனுப்பியது. பிரபல சிப்ஸ், மிட்டாய்களின் உறையைப் போலி செய்தவர்கள் மீதே அதன் கவனம் அதிகம் போனது. ஆயிரக்கணக்கான சிறு தயாரிப்பாளர்களை நிறுத்த அந்தக் கடிதங்கள் போதவில்லை.

ஓட்டையை அடைத்த 0.4

2025 அக்டோபர், நவம்பரில் 43 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்தது. முடக்கத்தை முடித்துவைத்து நவம்பர் 12 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஹெம்பின் புதிய வரையறை இருந்தது. முன்னின்றவர் அதே மெக்கானல். அதே கென்டக்கியின் இன்னொரு செனட்டரான ராண்ட் பால் அதை நீக்கக் கொண்டுவந்த திருத்தம் 76-க்கு 24 என்ற வாக்கில் ஒதுக்கித் தள்ளப்பட்டது.

மாற்றம் மூன்று இடத்தில். இனி கணக்கு 'மொத்த டி.எச்.சி.', அதாவது டி.எச்.சி.ஏ.வும் சேரும், பூ விற்பனை முடிந்தது. செடிக்கு வெளியே தயாரித்த, அல்லது மாற்றிய கன்னாபினாய்டுகள் ஹெம்ப் ஆகா, டெல்டா-8 முடிந்தது. மூன்றாவதுதான் மிட்டாய்க்கு: நுகர்வோருக்குப் போகும் ஒரு கொள்கலனில் மொத்த டி.எச்.சி.யும் அதைப்போல் வேலைசெய்யும் மற்றவையும் சேர்ந்து 0.4 மி.கி.யைத் தாண்டக்கூடாது. கொள்கலன் என்றால் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளுறை. ஒரு மிட்டாய்க்கல்ல, முழுப் பொட்டலத்துக்கும் 0.4. ஓராண்டு அவகாசம், 2026 நவம்பர் 12 முதல் அமலாகும்படி எழுதியிருக்கிறார்கள். நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் ஹெம்புக்கு இந்தக் கட்டு இல்லை.

வகுக்கும் எண் எடையிலிருந்து பொட்டலத்துக்கு மாறியது சரி. அளவு மட்டும் மறுகோடிக்குப் போய்விட்டது. போதைக்குச் சம்பந்தமே இல்லாத சி.பி.டி. எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 மி.கி. சி.பி.டி. உள்ள 30 மி.லி. புட்டி, எதையும் நீக்காத முழுச்சாறாக இருந்தால் 25-க்கு 1 விகிதத்தில் 40 மி.கி. டி.எச்.சி.யும் வைத்திருக்கும். வரம்பைப்போல நூறு மடங்கு. டி.எச்.சி.யை நீக்கிய சாறாகவோ, தூய சி.பி.டி. தூளாகவோ மாற்றினால்தான் தப்பும். ஆய்வகங்களுக்கும் வேலை கடினம்: 80 கிராம் பொட்டலத்தில் 0.4 மி.கி. என்பது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. வழக்கமான எச்.பி.எல்.சி. முறை நம்பகமாக அளக்கும் கீழெல்லை பல ஆய்வகங்களில் 0.01 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் நூறு. சர்க்கரைப் பாகுக்குள் ஐந்தைத் தேட நிறை நிறமாலைக் கருவி இணைத்த, விலை கூடிய முறை தேவை. 'கண்டறியப்படவில்லை' என்ற பழைய அறிக்கை புதிய சட்டத்துக்கு எதையும் நிரூபிக்காது.

பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால்

அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. குடியேற்றத் துறை ஒன்றியச் சட்டத்தை மட்டுமே பார்க்கிறது. மாநிலம் அனுமதித்த கஞ்சாவானாலும், பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வதே குடியுரிமைக்கும் மறுநுழைவுக்கும் தடையாகலாம். ஹெம்ப் மிட்டாய் இதுவரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. புதிய வரையறை அமலானதும், வீட்டு அலமாரியில் மிஞ்சியிருக்கும் அதே பொட்டலம் ஒன்றியச் சட்டத்தின் பார்வையில் கஞ்சா.

சிங்கப்பூரில் ஹெம்ப், கஞ்சா என்ற பிரிவினையே உதவாது; குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் அங்கே குற்றம். விமான நிலையத்தில் சிறுநீர் கேட்கலாம்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கஞ்சாச் செடியின் பூத்த நுனி, பிசின் ஆகியவற்றைத் தடுக்கிறது. விதையும், நுனி கலக்காத இலையும் கஞ்சாவின் வரையறையில் வராது, இலையை அரைத்துச் செய்யும் பாங்கு பிழைத்திருப்பது அதனால்தான். டி.எச்.சி. மூலக்கூறோ தனியே மனமயக்கிப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. 0.3 சதவீத விலக்கு அங்கே இல்லை. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு அளவா வணிக அளவா என்று முடிவுசெய்யும்போது கலப்புப் பொருளின் முழு எடையையும் பார்க்க வேண்டும், அதிலுள்ள தூய போதைப்பொருளை மட்டுமல்ல என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 10 மி.கி. டி.எச்.சி.யைச் சட்டபூர்வமாக்கிய அந்த 4 கிராம் சர்க்கரை, சென்னை விமான நிலையத்தில் 4 கிராமாகவே குற்றக் கணக்கில் ஏறும். இருபது மிட்டாய் என்றால் 80 கிராம், உள்ளே இருப்பது 200 மி.கி. மட்டுமே என்றாலும்.

விதை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக அனுமதித்தது. விதையில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மி.கி.க்கும், எண்ணெயில் 10 மி.கி.க்கும் மிகக்கூடாது. விதைக்குள் டி.எச்.சி. உண்டாவதில்லை, அறுவடையின்போது உமியில் ஒட்டும் பிசினிலிருந்து வருவதுதான் அது. சுத்தமாகக் கழுவி உமி நீக்கினால் எளிதாக உள்ளே நிற்கும். ஆன்லைனில் 'ஹெம்ப் எண்ணெய்' என்று தேடினால் விதை எண்ணெயும் இலைச்சாறு எண்ணெயும் அடுத்தடுத்து வரும். பொருள்களின் பட்டியலில் 'விதை' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.